ஐந்து வயதுப் பையனுக்குக் குறட்டை: இதயத்தைப் பாதிக்குமா?

ஐந்து வயது மகன் குறட்டை விடுகிறான் என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்திலேயே அவன் இதயம் நின்றுவிடுமோ என்பதுதானே உங்கள் பயம்? அப்படி ஒரே ராத்திரியில் எதுவும் ஆகிவிடாது. யூடியூப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். "குறட்டை நடுவில் சத்தமே இல்லாமல் போகிறது, அப்புறம் திடுக்கென்று மூச்சை இழுக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்கு முக்கியம் அந்த ஒரு வரிதான்.

இந்த வயதில் தொண்டையின் இருபக்கமும் உள்ள டான்சிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டும் பெரிதாக இருக்கும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது மூச்சு போகும் வழி அடைபடலாம். ஆக்ஸிஜன் குறையும் ஒவ்வொரு முறையும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் கூடுதலாக உழைக்கிறது. அடைப்பு கடுமையாக இருந்து, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி, வலப்பக்க இதயம் வீங்கலாம். அந்த நிலையில்கூட வழியைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

விடியற்காலையில், சட்டையைக் கழற்றிவிட்டு, அவன் தூங்குவதை மொபைலில் வீடியோ எடுங்கள். வயிறு மேலே எழும்பும்போது நெஞ்சு உள்ளே ஒடுங்குகிறதா? கழுத்துக்குழி பள்ளம் விழுகிறதா? அந்த வீடியோவோடு இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, விழித்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, காலில் வீக்கம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேவையென்றால் தூக்கப் பரிசோதனையும், எக்கோ என்ற இதய ஸ்கேனும் மருத்துவர்களே சொல்வார்கள். நீங்களாக லேபுக்கு ஓட வேண்டாம்.

வாழைப்பழம், தயிரால்தான் குறட்டையோ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்னபடி அவன் படுக்கையில் சிறுநீர் போவதும், பள்ளியில் ஓரிடத்தில் உட்காராததும் இந்த மூச்சு அடைப்பின் விளைவாகவே இருக்கலாம். தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் சொக்குவார்கள். குழந்தைகள் பலர் துள்ளுவார்கள்.

நன்றாகத் தூங்கட்டும் என்று பழைய இருமல் சிரப்பைக் கொடுக்கிறீர்களாமே! இன்றோடு தூக்கிப் போடுங்கள். மூச்சு அடைபடும்போது லேசாக விழிப்பு வருவதுதான் அவனைக் காப்பாற்றுகிறது, அதையா மழுங்கடிப்பது?

லேசான அடைப்பு என்றால் மூக்கு ஸ்ப்ரே போதலாம். டான்சில், அடினாய்டை எடுக்கச் சொன்னால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு இடங்கள் நிறைய உண்டு. மயக்க மருந்து கொடுப்பவரிடம் மூச்சு நிற்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கென்று கோடீன் (மூச்சை மந்தமாக்கக்கூடிய ஒரு வலி மருந்து) கலந்த மருந்து எதையும் கொடுக்கக் கூடாது.