காட்டில் கூடாரம் போடும்போது பாம்பு வராமல் இருக்க என்ன தூவலாம்?

முதல் முறையாகக் காட்டில் இரண்டு இரவு தங்கப் போகிறீர்கள், கூடாரத்தைச் சுற்றி எதைத் தூவினால் பாம்பு வராது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் தூவ வேண்டாம். நான் பல வருடங்களாகக் கூடாரத்தோடு சுற்றுகிறேன். ஆரம்பத்தில் பைக்குள் ஒரு டப்பா கந்தகப் பொடி எப்போதும் இருக்கும். அதை விட்டு ரொம்ப நாளாகிறது.

கந்தகம், பாச்சை உருண்டை, பூண்டுச் சாறு, சுற்றிப் போடும் முரட்டுக் கயிறு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாம்பு இவற்றின் மேலேயே ஊர்ந்து போய்விடும். பாச்சை உருண்டையின் ஆவி, மூடிய கூடாரத்துக்குள் தூங்கும் உங்களுக்குத்தான் கெடுதல். பாம்பை விரட்ட ஊற்றச் சொல்லும் கார்பாலிக் அமிலம் பட்டால் தோல் வெந்துவிடும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. வட்டம் போட்டாயிற்று என்ற தைரியத்தில் அதற்குள் செருப்பில்லாமல், டார்ச் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிடுவோம்.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. எலியும் தவளையும் இருக்கிற இடத்துக்கு வரும், ஒளிய இடுக்கு கிடைத்தால் தங்கும், வெயிலில் சூடேறிய பாறையில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். அதனால் இடம் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. உயரமான புல், கற்குவியல், விழுந்து மட்கிய மரம், நீரோரம் இவற்றிலிருந்து தள்ளி, தரை தெளிவாகத் தெரியும் இடமாகப் பாருங்கள். தரையில் வளைகள் இருக்கின்றனவா என்று நடந்து பார்க்க வெளிச்சம் வேண்டும். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போய்ச் சேருங்கள்.

அப்புறம் சாப்பாடு. பாம்புக்கு நம் சாப்பாடு வேண்டாம், ஆனால் எலிக்கு வேண்டும். சிந்திய பருக்கையும் கழுவாத பாத்திரமும் எலியைக் கூப்பிடும், எலி பின்னால் பாம்பைக் கூட்டிவரும். சமைப்பதையும் சாப்பிடுவதையும் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம்.

விறகு விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. ஒருமுறை கைக்கு எட்டட்டும் என்று கூடார வாசலிலேயே விறகை அடுக்கி, மழைக்காகத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். காலையில் தார்ப்பாயைத் தூக்கினால், விறகுக்கு நடுவே ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. எந்தப் பாம்பு என்று நின்று பார்க்கவில்லை. என் கை அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உலர்வான, இருட்டான, குளிர் காற்று படாத ஒரு பொந்தை நானே அதற்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து விறகு தள்ளியே இருக்கும், முதலில் குச்சியால் கிளறிவிட்டுத்தான் எடுப்பேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைப்பதில்லை.

கூடார ஜிப்பை முழுக்க மூடுங்கள், ஒரு நிமிடம் வெளியே போவதானாலும். அடியில் ஒரு விரல் அகலம் திறந்திருந்தாலே சின்னப் பாம்புக்குப் போதும். ஷூவை உள்ளே வையுங்கள், போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். ராத்திரி சிறுநீர் கழிக்கப் போகும் பத்து அடிக்கும் கணுக்காலை மூடும் ஷூவும் டார்ச்சும் வேண்டும். பல பாம்புகள் இரவில்தான் இரை தேடும், கடியும் பெரும்பாலும் பாதத்திலோ கணுக்காலிலோதான் விழுகிறது. கூடாரமில்லாமல் படுப்பதானால் வெறுந்தரை வேண்டாம். தூளியோ மடக்குக் கட்டிலோ நல்லது. இல்லையென்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். தீ மூட்டினால் பாம்பு வராது என்று நம்பிப் படுக்காதீர்கள்.

பாம்பைப் பார்த்துவிட்டால் பின்வாங்கி வழி விடுங்கள், தானாகப் போய்விடும். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறையப் பேர். வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும்.

கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், கொலுசு எதுவானாலும் வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலகம் முழுவதும் வருடத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியில் இறக்கிறார்கள். விஷமுறிவு மருந்து நேரத்துக்குக் கிடைத்திருந்தால் அதில் பலர் பிழைத்திருப்பார்கள். அதனால் கிளம்பும் முன்பே, நீங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இருக்கிறது என்று போன் செய்து கேட்டு, நம்பரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் எந்த இடம் வரை சிக்னல் கிடைக்கிறது என்பதையும் உள்ளே நடக்கும்போதே கவனித்து வையுங்கள்.