வீட்டுக்குள் வளரும் முயலை ஒரே இடத்தில் மலசலம் போகப் பழக்கலாமா?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, 5 மாத முயல் கண்ட இடமெல்லாம் அசுத்தம் செய்கிறது, பழக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். முயல் தானாகவே ஓரிரு மூலைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கவனித்து, மலசலம் போவதற்கான பெட்டியை அந்த மூலையிலேயே வையுங்கள்.

முக்கியமான விஷயம், முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும். ஆகவே புல்லும் அங்கேயே இருக்க வேண்டும். எங்கள் முயலுக்கு அகலமான பிளாஸ்டிக் பேசின்தான். அடியில் கிழித்த பத்திரிகைத் தாள், ஓரத்தில் கை நிறைய கினிப்புல். பின்னங்காலை மடித்துக் குந்தி, புல்லை இழுத்து இழுத்து மென்றபடியே வேலையை முடித்துவிடும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த புல்லைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு விற்கும் கட்டியாகும் மணல் வேண்டவே வேண்டாம், தின்றால் குடலை அடைத்துவிடும்.

வெளியே விழும் புழுக்கைகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போடுங்கள். சிறுநீரைத் தாளில் ஒற்றி அதையும் போடுங்கள். அந்த மணம்தான் அதற்கு வழிகாட்டி. தரையை வினாகிரி கலந்த தண்ணீரால் துடையுங்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள், பாவம், உங்களைக் கண்டு பயப்பட மட்டும்தான் பழகும்.

அப்புறம், 5 மாதம் பருவமடையும் வயது. தன் எல்லையைக் குறிப்பதற்காகவும் சிறுநீரைப் பீய்ச்சும். கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பெண் முயலென்றால் கருப்பைப் புற்றுநோய் வராமலும் காக்கும். செய்த பிறகும் பழக்கம் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும்.