சுவரை இடித்துப் பெரிதாக்கிய பழைய வீடு: வாங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டிருப்பவை நான்கு கேள்விகள். சிங்கப்பூர் அங் மோ கியோவில், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக 1978-இல் கட்டிய மூவறை வீடு, முன்னிருந்தவர் ஹாலையும் படுக்கையறை ஒன்றையும் ஒன்றாக்கி, தரையையும் கழிவறையையும் புதிதாகச் செய்திருக்கிறார், வாங்கலாமா? சன்னல் மூலையில் ஒரு விரிசல் தெரிகிறது. அதற்குப் பயப்பட வேண்டுமா? பக்கத்தில் நல்ல பள்ளி எது? நம்மவர் கடைகள் எந்த வட்டாரத்தில் அதிகம்? முதல் இரண்டுக்குத்தான் நான் சரியான ஆள். ஊரில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, இங்கே கான்கிரீட் கொட்டும் தொழிலாளியாக வந்து, மேற்பார்வையாளராக ஆனவன் நான்.

வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு சங்கதி. நிரந்தரவாசம் கிடைத்து மூன்று ஆண்டு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்த புளோக்கில், அதாவது அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், ஒவ்வோர் இனத்தவரும் இத்தனை விழுக்காடுதான் என்ற இன வரம்பு நிரம்பிவிட்டதா என்று பார்த்தீர்களா? இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனியாக 8 விழுக்காடு. இந்தியர் வரம்பு நிரம்பியிருந்தால் நீங்கள் இன்னொரு இந்தியரிடமிருந்துதான் வாங்க முடியும். பிறகு விற்கும்போது, சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவு, அதனால் விலையும் இறங்கும். இதில் அடிபட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. கொள்கையின் நோக்கம் நல்லது என்பதை மறுக்கவில்லை. அதன் செலவு மட்டும் எப்போதும் சிறுபான்மையின் பையிலிருந்தே போகிறது. இதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

நம்மவர்கள் வீடு பார்க்கும் அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா என்று அளப்பார்கள். வாசல் எதிரே மின்தூக்கி வந்தால் ஊருக்குப் போன் போட்டு ஜோசியரைக் கேட்பார்கள். கழிவறைக்குள் போய்த் தலையை நிமிர்த்திப் பார் என்றால் முகம் சுளிப்பார்கள். பால் காய்ச்சிய சில மாதத்தில் காரை பெயர்ந்து விழுந்ததும் முகவரைத் திட்டுவார்கள். பழைய வீவக வீட்டில் நோய் முதலில் தலைகாட்டும் இடம் அந்தக் கழிவறைக் கூரைதான்.

உங்கள் தலைக்கு மேலே இருப்பது மாடி வீட்டுக் குளியலறையின் தரை. அங்கே நீர்த்தடுப்புப் பூச்சு போனால் ஓதம் கான்கிரீட்டுக்குள் இறங்கும். நாற்பது ஐம்பது ஆண்டில் காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் உள்ளே போய், கம்பியைக் காத்துவந்த காரத்தன்மையைக் குறைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அடியிலிருக்கும் காரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முதலில் பழுப்புக் கறை, பிறகு வண்ணப்பூச்சில் புடைப்பு, பிறகு கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக ஒரு வெடிப்பு, கடைசியில் கட்டியாக விழும். விற்பவருக்கு இதை மறைக்க மிகச் சுலபமான வழி ஃபால்ஸ் சீலிங், அதாவது கூரைக்குக் கீழே தொங்கவிடும் போலிக் கூரை. புதிதாகச் செய்த கழிவறை என்று மகிழ்ந்திருக்கிறீர்களே, அதன் கூரையில் குழாய் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். திறக்க மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரை பெயர்வது ஒன்றும் தீராத வியாதி அல்ல. கெட்டதைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசி, அதற்கான கலவையால் அடைப்பார்கள். வீவகவின் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் நடந்து முடிந்த புளோக் என்றால் இந்த வேலை அப்போதே நடந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஒழுகல் வேறு கதை. அது மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியது. தகுதி இருந்தால் பாதிச் செலவை வீவக ஏற்கும். ஆனால் மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டுமே! என் மாடிவாசி ஒருவர் மின்தூக்கியில் என்னைக் கண்டாலே கைப்பேசியில் பேசுவதுபோல் நடிப்பார்.

இனி அந்த இடித்த சுவர். அக்காலத்து புளோக்குகள் பெரும்பாலும் கான்கிரீட் தூணும் உத்திரமும் சேர்ந்த சட்டகம். நடுவே அடைப்பாகச் செங்கல் சுவர். செங்கல் சுவரை அனுமதி வாங்கி எடுக்கலாம். சில கான்கிரீட் சுவர்களோ தூணின் வேலையைச் செய்பவை. அவற்றில் கைவைக்கக் கூடாது. விற்பவரிடம் புதுப்பிப்பு அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்று சொன்னால், அதே செங்குத்து வரிசையில் மேலோ கீழோ உள்ள வீட்டின் கதவைத் தட்டுங்கள். வரிசை ஒன்றென்றால் அமைப்பும் ஒன்றுதான். பணிவாகக் கேட்டால் அங்கே இருக்கும் வயதான சீன அம்மா உள்ளே விடுவார். எனக்கு ஆரஞ்சுகூடக் கொடுத்தனுப்பியவர்கள் உண்டு. தூண் எங்கே, உத்திரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு வந்து, நீங்கள் வாங்கப்போகும் வீட்டில் அதே இடங்களைப் பாருங்கள். தூணின் ஓரம் செதுக்கப்பட்டிருந்தாலோ, உத்திரத்தில் குழாய்க்காகத் துளை போட்டிருந்தாலோ, பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

தரையையும் விடாதீர்கள். வீவக விதிப்படி, அடியில் போடும் சிமெண்டுக் கலவையும் சேர்த்துத் தரைப்பூச்சு 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஓட்டின்மேல் ஓடு என்று இரண்டு மூன்று முறை பதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசற்படியில் குனிந்து, வெளி நடைபாதைக்கும் ஹாலுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று பாருங்கள். அறைக் கதவுகளின் அடிப்பக்கத்தை வெட்டியிருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். வெட்டியிருந்தால் தரை ஏறியிருக்கிறது. ஒரு வெள்ளிக் காசால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே போங்கள். ஜொகூரிலிருந்து வந்த சீன மேஸ்திரி ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை இது. ஒட்டியிருக்கும் ஓடு 'டிக்' என்னும், விட்டுப்போனது 'டொக்' என்னும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. உத்திரத்தின் அடியில் சுத்தியல் பிடியால் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையை ஆட்டினால் அடுத்த உத்திரத்துக்குப் போவார்.

சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் உங்கள் விரிசல் மயிரிழை அளவுதான் என்றால் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதுதான். சாய்வு விரிசல் உத்திரத்தில், தூணை ஒட்டி இருந்தால்தான் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். விரிசல் ஓரம் துருக்கறை கசிந்தாலும் அப்படியே. புளோக்கைச் சுற்றியுள்ள சிமெண்டு நடைபாதை கட்டடத்தை விட்டு இறங்கி, இடைவெளி விட்டிருக்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம். புளோக் ஆழமான அடித்தூண்களின்மேல் நிற்கிறது, சுற்றியுள்ள மண் மட்டும் அமுங்குகிறது.

அடுக்குமாடி அல்லாமல் நிலத்தோடு சேர்ந்த தரைவீடு வாங்கலாமே என்று உங்கள் மைத்துனர் ஆசைகாட்டுவதாக எழுதியிருந்தீர்கள். நிரந்தரவாசிக்கு அதற்குத் தனி அரசு அனுமதி வேண்டும். மேலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் சோதிக்க வேண்டும் என்ற சட்டம், குடியிருக்கும் தரைவீடுகளைக் கட்டுப்படுத்தாது. முன்பாதி மண்ணில் அடித்த பழைய பக்காவ் (சதுப்புநில) மரக் கழிகளின்மேலும், பின்னால் இழுத்துக்கட்டியது வேறு அடித்தளத்தின்மேலும் நின்றால், இரண்டும் வெவ்வேறு அளவில் அமுங்கும். சேருமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடும். என்ன பூசினாலும் அது திரும்ப வரும்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. தொண்ணூறுகளில் வந்த புதிதில், லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் படுத்திருந்தோம். ஒரு குடும்பத்துக்கான மாடியை ஒட்டுப்பலகையால் தடுத்து, கட்டிலின்மேல் கட்டில் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். போதாதென்று மரத்தளத்தின்மேலேயே சிமெண்டு கொட்டி, ஓடு பதித்து ஒரு குளியலறை. தண்ணீர் இறங்கி இறங்கி, சுவருக்குள் செருகியிருந்த மர உத்திரங்களின் நுனி இற்றுப்போயிருந்தது. இரவு வேலை முடிந்து ஆட்கள் மொத்தமாக ஏறினால் தளம் மெல்ல ஆடும். நான் சுவரோரக் கட்டிலைத்தான் கேட்டு வாங்கினேன். பழைய ஆட்கள் அப்போதெல்லாம் நியூ வோர்ல்டு ஹோட்டலைப் பற்றிச் சொல்வார்கள். சிராங்கூன் ரோட்டில், ஓவன் ரோடு முனையில் இருந்த ஆறு மாடிக் கட்டடம். 1986 மார்ச் 15 அன்று அப்படியே இடிந்து விழுந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் எடுக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. கூரையில் ஏற்றிய குளிர்சாதன இயந்திரங்களும் பிறகு சேர்த்த மற்றப் பாரங்களும் ஏற்கெனவே திணறிய தூண்களின்மேல் ஏறியவை. ஓட்டின்மேல் ஓடு பதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்போது புரியும்.

அதே மாடியில் என்னோடு படுத்தவர்களில் சிலர் இன்று கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அந்தக் கடைவீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றுவார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை.

காரியத்துக்கு வருகிறேன். விற்பவர் வீட்டை உங்களுக்கென்று நிறுத்திவைக்கும் விருப்ப உரிமைப் பத்திரத்துக்கு முதலில் கொடுப்பது 1,000 வெள்ளிக்கு மேல் போகாது. அதன்பின் 21 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த நாட்களுக்குள், பலத்த மழை பெய்த மறுநாளாகப் பார்த்து ஒரு பொறியாளரை அழைத்துப் போங்கள். மதிப்பீட்டாளர் வருகிறாரே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவர் பார்ப்பது விலையை. இன்னொருவர் காத்திருக்கிறார் என்று முகவர் அவசரப்படுத்தினால், அந்த இன்னொருவருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

கடைகளுக்கு அலைய வேண்டாம், தேக்காவுக்கு எங்கிருந்தும் ரயில் இருக்கிறது. பள்ளிக்கூடம் என் மனைவியின் இலாகா. நான் வாய் திறந்தால் வீட்டில் சண்டை வரும்.