அடிபட்டவர் கூட்டிச் சொல்வாரா?

ஐயா,

அமெரிக்க நிறவெறி பற்றி முதலில் கறுப்பர்கள் எழுதியதைப் படியுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அடிபட்டவர் கோபத்தில் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வார்? வெளியே நின்று பார்ப்பவர் எழுதுவது நடுநிலையாக இருக்காதா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் ஐடா பி. வெல்ஸுக்கு நன்றாகவே தெரியும். 1862இல் அடிமையாகப் பிறந்து, மெம்பிஸ் நகரில் பத்திரிகை நடத்தியவர் அவர்.

கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வது அன்று தென் மாநிலங்களில் சகஜம். வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்தான், அதனால் கொன்றோம் என்பார்கள். வெல்ஸே கொஞ்ச காலம் அதை நம்பினார். பிற்பாடு அவரே ஒப்புக்கொண்ட விஷயம் இது.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் இன்னும் இருவரையும் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அதில் எந்தப் பெண்ணும் சம்பந்தப்படவில்லை. அவர்கள் வைத்த மளிகைக்கடையால் அதே பகுதியில் இருந்த வெள்ளைக்காரர் கடைக்கு வியாபாரம் படுத்தது, அவ்வளவுதான். மாஸின் மகளுக்கு வெல்ஸ் ஞானத்தாய். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

இது பொய் என்றால் மற்றதெல்லாம்? ஒவ்வொரு கொலையாக விசாரித்து எழுத ஆரம்பித்தார். அவர் வெளியூர் போயிருந்த சமயம் பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்று மிரட்டல் வேறு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூட்டிச் சொல்கிறாள் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் 'சதர்ன் ஹாரர்ஸ்' என்ற சிறு நூலில் சிகாகோ ட்ரிப்யூன் என்ற வெள்ளையர் பத்திரிகையின் கணக்கையே எடுத்துப்போட்டார். எட்டு ஆண்டுகளில் 728 பேர். அவர்களில் பாலியல் பலாத்காரக் குற்றச்சாட்டாவது இருந்தது மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான். அதுவும் வெறும் குற்றச்சாட்டு.

அந்தக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. நடுநிலையாளர்கள் வீட்டுக்கும் அந்தப் பேப்பர் போயிருக்கும். ஆனால் கொலைக்குச் சொன்ன காரணம் பொய்யாக இருக்குமோ என்று எண்ணிப் பார்க்க, மாஸ் வீட்டை உள்ளிருந்து அறிந்த ஒருத்தி வேண்டியிருந்தது.

வெளியாட்கள் எழுதியதையும் நான் படிக்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வெல்ஸின் நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரே மாலையில் முடித்துவிடலாம். எந்த இடத்தில் கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்று படுகிறதோ, அதைக் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.