பணியாரச் சட்டியும் இரண்டு வலிகளும்

அன்புள்ள ஐயா,

நேற்று குழிப்பணியாரம் திருப்பும்போது சட்டி விளிம்பில் விரல் பட்டுவிட்டது. வெடுக்கென்று கையை இழுத்தேன். சுருக்கென்று ஒரு வலி. அது அடங்கியதும் எரிச்சல் தொடங்கி ரொம்ப நேரம் இருந்தது. சூடு நரம்பில் ஏறி மூளைக்குப் போக இவ்வளவு நேரமா? அப்பத்தாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இருபது வருஷமாகச் சர்க்கரை இருந்தும், மத்தியான வெயிலில் முற்றத்தில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். சுடவே இல்லையாம்.

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

சூடு எங்கும் ஏறவில்லை, விரலிலேயே நின்றுவிட்டது. தோலுக்குள் முடியும் நரம்பு நுனிகளில் புரதக் கதவுகள் உண்டு. அவற்றில் டிஆர்பிவி1 என்பது சுமார் 43 டிகிரி செல்சியஸில் திறக்கும். அயனிகள் (மின்னூட்டம் ஏறிய அணுக்கள்) உள்ளே பாய, மின்துடிப்பு பிறக்கும். மூளைக்குப் போவது அந்தத் துடிப்புதான். மிளகாய்க் காரமும் இதே கதவைத்தான் திறக்கிறது என்று 1997-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு காட்டியது. நாம் இரண்டையும் முன்பிருந்தே ‘எரியுது’ என்றுதான் சொல்கிறோம். மிளகாய் கிள்ளிய விரலுக்கு ஆய்வகம் எதற்கு!

துடிப்பு இரண்டு வகை இழைகளில் கிளம்புகிறது. மெல்லிய கொழுப்புறை போர்த்திய இழையில், உறையின் இடைவெளிக்கு இடைவெளி தாவி, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். உறையில்லாத இழையில் அங்குலம் அங்குலமாகப் பற்றிப் பரவ வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர்தான் தேறும். தைப்பூசத்துக்குப் பழனி போக ஒரே நேரத்தில் ஒருவர் பஸ் ஏறுகிறார், ஒருவர் பாதயாத்திரை கிளம்புகிறார் என்று வையுங்கள். பஸ்ஸில் வந்தது சுருக், நடந்து வந்தது எரிச்சல். விரலிலிருந்து தண்டுவடம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் இரண்டு வலிக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு நொடிக்கு அருகில் நிற்கிறது.

கையை இழுத்தது உங்கள் மூளைகூட இல்லை. துடிப்பு தண்டுவடத்தை எட்டியதும் அங்கேயே உத்தரவு பிறந்துவிட்டது. மூளைக்குச் சேதி பிறகுதான் போனது.

உங்கள் விரல் ஆறிவிடும். கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உட்காரவிடவில்லை. நீடித்த சர்க்கரை உணர்வு நரம்புகளை அரிக்கும். நீளமான நரம்பு முதலில் கெடும் என்பதால் பாதத்தில்தான் தொடங்கும். அப்பத்தாவுக்குச் சுடவில்லை என்பது உடம்பின் உறுதி இல்லை, சேதி வருவது நின்றிருக்கலாம். இன்றே உள்ளங்காலையும் விரலிடுக்கையும் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் இருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை முற்றத்திலும் செருப்பு. வீட்டுக்குள் செருப்பா என்று சத்தம் போடுவார்கள். போடட்டும்.