குட் யூ, வுட் யூ, மே ஐ: விருந்தினரிடம் எப்படிக் கேட்பது?

லோயர் கேம்பில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தினமும் காலையில் மலைப்பாதை பஸ் ஏறி குமுளிக்குப் போய், அங்கே ஒரு தங்கும் விடுதியின் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறார். தேக்கடி பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் நாள் முழுக்க இங்கிலீஷில்தான் பேச்சு. போன மாதம் தங்கிவிட்டுப் போன ஒரு தம்பதி, அறை நன்றாக இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது, ரிசப்ஷனில் இருக்கும் பெண் மட்டும் கொஞ்சம் அதிகாரமாகப் பேசுகிறார் என்று எழுதிவிட்டார்களாம். "பெரும்பாலும் ப்ளீஸ் போட்டுத்தான் பேசினேன் சார். மேனேஜர் 'கைண்ட்லி' போடு என்கிறார். கூட வேலை பார்க்கும் சேச்சி 'குட்' போடு என்கிறார். கேன், குட், வில், வுட், மே, இதில் எதை எப்போது போடுவது?" என்று கேட்கிறார். தான் வழக்கமாகச் சொல்லும் நாலு வாக்கியங்களையும் எழுதி அனுப்பியிருக்கிறார். அதனால் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது.

சேச்சி சொன்னதுதான் சரி. விருந்தினர் உங்களுக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றால் 'குட் யூ'. நீங்கள் அவரிடமிருந்து ஒன்றை வாங்க வேண்டும் என்றால் 'குட் ஐ'. இந்த இரண்டை வைத்துக்கொண்டே ரிசப்ஷன் வேலையை முக்கால்வாசி ஓட்டிவிடலாம். மற்றதெல்லாம் எங்கே கால் இடறும் என்று தெரிந்துகொள்வதற்காக.

ப்ளீஸ் போட்டும் ஏன் அதிகாரமாகக் கேட்டது? 'பாஸ்போர்ட் குடுங்க' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. 'குடு' என்பது கட்டளை. பின்னால் ஒட்டிய 'ங்க' அதன் சூட்டை ஆற்றிவிடுகிறது. நம் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோகும்போது வால் அறுந்து 'கிவ்' மட்டும் மிஞ்சுகிறது. அறுந்த இடத்தில் 'ப்ளீஸ்' என்று ஒரு துணியைக் கட்டுகிறோம். ஆனால் ப்ளீஸ் கட்டளையைக் கேள்வியாக்காது. 'ப்ளீஸ் சிட் டவுன்' என்பது கொஞ்சம் சிரித்த முகத்தோடு சொன்ன கட்டளை, அவ்வளவுதான். இங்கிலீஷில் மரியாதை வேறு இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, சொல்வதைக் கேள்வியாகத் திருப்புவது. இன்னொன்று, 'கேன்' என்பதை 'குட்' ஆகவும் 'வில்' என்பதை 'வுட்' ஆகவும் ஒரு படி பின்னால் தள்ளுவது.

இந்த இரண்டும் நமக்குப் புதிதில்லை. கூடலூர்க் கடைத்தெருவில் 'சில்லறை குடுங்க' என்பதைவிட 'சில்லறை இருந்தா குடுங்களேன்' என்பது இதமாக இருக்கிறது இல்லையா? இல்லை என்று சொல்ல எதிராளிக்கு ஒரு வழி விட்டுவிடுகிறோம். பெரியவர் ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே 'ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்' என்கிறோமே, அது என்ன காலம்? இறந்த காலம். ஆனால் கேட்கப் போவது இப்போதுதான். 'குட்', 'வுட்' இரண்டும் வடிவத்தில் இறந்த காலம்தான்; இங்கே நேற்றைய கதை எதுவும் இல்லை. ஒரு அடி பின்னால் நின்று கேட்பதற்குத்தான் அந்த வடிவம்.

மலையாளம் காதில் விழுகிற ஊரில் வேலை பார்ப்பவருக்கு இது இன்னும் சுலபம். 'வெள்ளம் தராமோ?' 'ஒந்நு மாறாமோ?' என்று சேச்சி கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த 'ஆமோ'வும் 'குட் யூ'வும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முன்னால் வரும் 'ஒந்நு', நம் 'கொஞ்சம்' மாதிரி, சுமையைச் சின்னதாக்கிக் காட்டும். அவர் வாயில் 'குட்' தானாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது பீர்மேடு தாலுகா கேரளத்தோடு போனது; குமுளி அதில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பேச்சை யாராலும் பிரிக்க முடியவில்லை. ஒரே டீக்கடையில் இரண்டு மொழிப் பணிவையும் கேட்கலாம். எதைக் கேட்டுப் பழகினாலும் சரி, 'குடுங்க' என்பதை அப்படியே மொழிபெயர்க்காமல் 'குடுக்க முடியுமா', 'தராமோ' என்பதை மொழிபெயர்த்தால் இங்கிலீஷ் சரியாக விழும்.

இப்போது உங்கள் வாக்கியங்களுக்கு வருவோம்.

'ப்ளீஸ் கிவ் யுவர் பாஸ்போர்ட்.' வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் விவரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், அதனால் வந்தவுடனே கேட்கிறீர்கள். 'குட் ஐ ஹேவ் யுவர் பாஸ்போர்ட்ஸ், ப்ளீஸ்?' என்று கேளுங்கள். 'சட்டப்படி வாங்க வேண்டியதை முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுவிட மாட்டார்களா?' என்று என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். மாட்டார்கள். 'குட்' போட்டதால் கேட்டது விருப்பமாக மாறிவிடாது. அது கட்டாயம் என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 'ரெண்டு டிக்கெட் தர்றீங்களா' என்று பஸ்ஸில் கேட்டால் கண்டக்டர் யோசித்துச் சொல்கிறேன் என்பாரா? அதே கதைதான்.

'ப்ளீஸ் வெயிட்.' தப்பில்லை, ஆனால் மொட்டையாக இருக்கிறது. 'குட் யூ வெயிட் டூ மினிட்ஸ்? ஐ வில் செக் த ரூம்.' எத்தனை நேரம், எதற்காக என்று சேர்த்துச் சொன்னாலே பாதி மரியாதை வந்துவிடுகிறது. எந்த மொழியிலும் அப்படித்தான்.

'யூ ஷுட் வெக்கேட் த ரூம் அட் லெவன்.' அந்தத் தம்பதியைச் சுட்டது இதுதான் என்று நினைக்கிறேன். 'ஷுட்' போட்டால் புத்தி சொல்வது போல ஒலிக்கும். அதோடு 'வெக்கேட்' என்பது வீட்டுக்காரர் வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லும் சொல். இங்கே குட்டும் வேண்டாம், வுட்டும் வேண்டாம். 'செக் அவுட் இஸ் அட் லெவன்' என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விதியை மனிதர் தலையில் வைக்காமல் கடிகாரத்தின் தலையில் வைத்துவிட்டீர்கள். யாருக்கும் கோபம் வராது.

'யூ மஸ்ட் பே த பேலன்ஸ் நவ்.' இதை மறந்துவிடுங்கள். 'குட் வீ செட்டில் த பேலன்ஸ் நவ்?' என்று கேளுங்கள். 'யூ' போய் 'வீ' வந்ததும் கடன் கேட்கிற தொனி போய்விடுகிறது. 'கணக்கை முடிச்சுக்கலாமா?' என்று நாம் கேட்பதும் இப்படித்தானே.

சரி, மற்ற வினைகள். 'கேன் யூ' என்று கேட்டால் திறமையைக் கேட்பதாக அர்த்தம், மரியாதைக் குறைவு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வேரைப் பார்த்தால் அதில் உண்மை உண்டு. பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு அறிந்திருத்தல் என்று பொருள். நாம் 'நீந்தத் தெரியும்' என்கிறோமே, அது மாதிரி. ஆனால் இன்றைய பேச்சில் 'கேன் யூ' ரொம்பச் சாதாரணம். கூட வேலை பார்ப்பவரிடமும் பழகிய விருந்தினரிடமும் தாராளமாகச் சொல்லலாம். புதிதாக வந்தவரிடம் 'குட்'. (ஒரு சின்ன வேடிக்கை: 'குட்' என்பதன் எழுத்துக்கூட்டலில் உச்சரிக்காத ஒரு 'எல்' உட்கார்ந்திருக்கிறதே, அது அந்தச் சொல்லுக்குச் சொந்தமானதே இல்லை. 'வுட்', 'ஷுட்' இரண்டிலும் நியாயமாக இருந்ததைப் பார்த்து இதிலும் நுழைத்துவிட்டார்கள்.) ஒன்று மட்டும் வேண்டாம்: 'கேன் ஏபிள் டு'. நம் பக்கத்தில் இது தொற்றுநோய் மாதிரி இருக்கிறது. 'கேன்' என்றாலே முடியும். 'ஏபிள்' என்றாலும் முடியும். இரண்டு முடியும் ஒரு வாக்கியத்தில் முடியாது.

'வில் யூ' கொஞ்சம் ஆபத்தானது. எழுத்தில் பார்த்தால் சாது. கடைசியில் குரலை இறக்கிச் சொன்னால் 'செய்வியா மாட்டியா' என்று கேட்பது போல ஆகிவிடும். 'வில் யூ ப்ளீஸ் கீப் கொயட்' என்பதை எந்த வாத்தியாராவது அன்பாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விருந்தினரிடம் தவிர்த்துவிடுங்கள்.

'வுட் யூ' நல்ல சொல். குட்டுக்கும் வுட்டுக்கும் வித்தியாசம் மெல்லியதுதான். 'குட் யூ' என்றால் முடியுமா என்று கேட்கிறீர்கள்; முடியவில்லை என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு ஒரு சாக்கு இருக்கிறது. 'வுட் யூ' என்றால் முடியும் என்று எடுத்துக்கொண்டு, மனசு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அறை மாற்றித் தரும்படியோ கிளம்பும் நேரத்தைத் தள்ளும்படியோ பெரிதாக எதையாவது கேட்கும்போது, சாக்கு விடும் 'குட்' நல்லது. கையெழுத்துப் போடுவது போன்ற சின்ன வேலைக்கு 'வுட் யூ சைன் ஹியர், ப்ளீஸ்?' போதும். 'வுட் யூ லைக் டு' என்பதோடு மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உபசாரம். 'வுட் யூ லைக் டு பே நவ்?' என்றால் பணம் கட்டுவது அவருக்குக் கிடைத்த பாக்கியம் போல ஆகிவிடும்.

'வுட் யூ மைண்ட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் வகுப்புக்கு வந்த ஒரு ஜீப் டிரைவர் சொன்ன கதை. சத்திரம் என்ற ஊருக்குப் போகும் டிரிப்புக்கு ஏறிய ஒரு அம்மா, 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ சாட் இன் த ஃப்ரண்ட்?' என்று கேட்டிருக்கிறார். இவர் முதுகைக் காட்டியபடி கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே உற்சாகமாக 'யெஸ், யெஸ்!' என்றிருக்கிறார். துடைத்து முடித்துப் பார்த்தால் முன் சீட் காலி. அந்த அம்மா பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன கோபம் என்று இவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

'மைண்ட்' என்பதற்கு இங்கே 'சங்கடப்படுவது' என்று பொருள். நான் முன்னால் உட்கார்ந்தால் உங்களுக்குச் சங்கடமா என்று அவர் கேட்டார். ஆமாம் ஆமாம் என்று இவர் சொல்லிவிட்டார். தமிழில் 'தப்பா நினைக்க மாட்டீங்களே?' என்று கேட்டால் என்ன சொல்வோம்? 'இல்ல இல்ல, சொல்லுங்க.' அதையேதான் இங்கேயும் சொல்ல வேண்டும்: 'நோ, நாட் அட் ஆல்.' நீங்கள் கேட்பதாக இருந்தால், அடுத்து வரும் வினையை 'இங்' வடிவத்தில் போடுங்கள்: 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங் இன் த கார்டன்?' ஆனால் ரிசப்ஷனில் இதை அதிகம் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் என் யோசனை. பதிலை எதிராளி குழப்பினாலும் சிக்கல் உங்களுக்குத்தான்.

'மே' என்பது அனுமதி கேட்கும் சொல். அதனால் 'ஐ', 'வீ' கூடத்தான் சேரும். 'மே ஐ ஸீ யுவர் புக்கிங்?' அழகான வாக்கியம், கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டது. 'மே யூ ப்ளீஸ் வெயிட்' என்று ஒன்று உலவுகிறது; அது தவறு. 'மே யூ' என்று ஆரம்பித்தால் நீங்கள் வாழ்த்தப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

மேனேஜர் சொல்லும் 'கைண்ட்லி' நம் நாட்டு அலுவலகங்களில் மரியாதைச் சொல்தான். ஆனால் பிரிட்டிஷ்காரர் காதில் அது பெரும்பாலும் பொறுமை போன மனிதரின் குரலாக விழும். 'கைண்ட்லி' போட்டாலும் பின்னால் நிற்பது கட்டளைதான் என்பதையும் மேனேஜரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதும் சிலர் எல்லாவற்றுக்கும் குட் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதுவும் சரியில்லை. ஜெஃப்ரி லீச் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1983-இல் ஒரு நல்ல கணக்கை விளக்கினார். எதிராளிக்குச் செலவு வைக்கும் பேச்சை எவ்வளவு சுற்றிச் சொல்கிறோமோ அவ்வளவு மரியாதை. அவருக்கு ஆதாயமான பேச்சை எவ்வளவு நேராகச் சொல்கிறோமோ அவ்வளவு மரியாதை. நம் வீட்டுப் பந்தியிலும் இதே கணக்குத்தான். 'இன்னொரு தோசை வைத்துக்கொள்ள முடியுமா?' என்று எந்த அம்மாவும் கேட்க மாட்டார். 'வச்சுக்கோங்க' என்று தட்டில் போட்டுவிடுவார். ஆகவே 'கம் இன்', 'ஹேவ் எ சீட்', 'ட்ரை த கார்டமம் டீ' என்று விருந்தினரை உபசரிக்கும்போது வினையை நேராகவே போடுங்கள். அங்கே 'குட் யூ கம் இன்?' என்றால்தான் அந்நியமாக இருக்கும்.

ஆபத்து என்றாலும் அப்படித்தான். குரங்கு பையைப் பிடுங்க வரும்போது 'ஹோல்ட் யுவர் பேக்!' என்று கத்துங்கள். ரோட்டில் யானை நிற்கும்போது யாரும் 'வுட் யூ மைண்ட் ஸ்டெப்பிங் பேக்' என்று ஆரம்பிக்கக் கூடாது.

அந்தத் தம்பதிக்குப் பதில் எழுதலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எழுதுங்கள், மூன்று வரி போதும். சொன்னதற்கு நன்றி, அப்படி ஒலித்ததற்கு வருத்தம். மூன்றாவது வரியில் 'யூ மஸ்ட் கம் அகெய்ன் இன் த மான்சூன்' என்று போடுங்கள். பாக்கிப் பணத்துக்கு 'மஸ்ட்' வேண்டாம் என்றேன். இது அழைப்பு. 'கல்யாணத்துக்கு அவசியம் வரணும்' என்பதில் இருக்கிற 'ணும்' தான் இந்த 'மஸ்ட்'.