குழாயில் ஷாக் அடிக்கிறது, எம்சிபி விழவில்லை: காயிலை மாற்றினால் போதுமா?

கேள்வி: வாட்டர் ஹீட்டர் ஓடும்போது குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. டெஸ்டர் மங்கலாக எரிகிறது. எம்சிபி (அளவுக்கு மீறிக் கரன்ட் போனால் தானாக அணையும் சுவிட்ச்) ஒருமுறைகூட விழவில்லை. ஹீட்டருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அது போதுமா?

பதில்: போதாது. காயிலை மாற்றினால் ஷாக் நின்றுவிடும், ஆபத்து அப்படியே இருக்கும். ஹீட்டரால் குழாயில் ஷாக் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கும். ஹீட்டருக்குள் கரன்ட் கசிகிறது. கசிந்ததை வாங்கிக்கொள்ள வேண்டிய எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவதைத் தேடாமல் முதலாவதை மட்டும் சரிசெய்தால், அடுத்த கசிவு வரும்வரைதான் நிம்மதி.

முதலில், இப்போதே செய்ய வேண்டியது. ஈரக் கையோடு ஹீட்டர் சுவிட்சைத் தொடாதீர்கள். காய்ந்த ரப்பர் செருப்போடு போய் மெயினை இறக்கி, அதன் பிறகு ஹீட்டர் பிளக்கை உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். கரன்ட் வரும் பேஸுக்குப் பதில் அது திரும்பும் நியூட்ரலை சுவிட்சில் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் காயிலில் 230 வோல்ட் நிற்கும். யாராவது ஷாக்கில் மாட்டிக்கொண்டாலும் முதல் வேலை மெயினை இறக்குவதுதான். அதற்கு முன் அவரைத் தொடக் கூடாது.

எம்சிபி ஏன் விழவில்லை? 2000 வாட் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருப்பார்கள். மனித உடம்பிலோ 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். 16,000 மில்லி ஆம்பியருக்கு என்று செய்த எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அது வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளை அல்ல.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி என்ற கசிவு சுவிட்ச். பேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் விழுந்துவிட வேண்டும். உங்கள் போர்டில் ஒன்று இருந்தால் அதன் முகப்பைப் பாருங்கள். 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க வைத்தது, குளியலறைக்கு உதவாது. மாதம் ஒருமுறை அதில் ‘T’ என்று போட்ட டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆனால் எர்த் அறுந்திருந்தாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும், அதனால் அதை எர்த் சோதனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி எர்த். பிளக் உருவிய நிலையில், பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஹீட்டர் டாங்க் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரில் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பச்சை வயரின் ஸ்க்ரூ தளர்ந்து தனியாகக் கிடப்பது சர்வசாதாரணம். சுவரில் உள்ள பாயின்ட்டைச் சோதிப்பது எலக்ட்ரீஷியன் வேலை. பேஸ்–எர்த் 230 வோல்ட் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால் ஏற்காதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரன்ட் மிகமிகக் குறைவு. துருப்பிடித்து ஒரு இழையில் தொங்கும் எர்த்திலும் அதே 230 தெரியும். எர்த் பாதையின் தடையை அளக்கும் லூப் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பு போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். எர்த் அறுந்திருந்தால் பல்பு எரியாது. அந்த நேரத்தில், அந்த எர்த் வயரோடு சேர்ந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் பேஸ் ஏறியிருக்கும். வீட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மோசமான குறுக்குவழி ஒன்று உண்டு: எர்த் இல்லாத பாயின்ட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. மீட்டரில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கசிவும் நியூட்ரல் வழியே திரும்பிவிடுவதால் ஆர்சிசிபிக்கும் தெரியாமல் போகும். என்றாவது அந்தப் பாயின்ட்டுக்கு வரும் நியூட்ரல் கழன்றால், காயில் வழியாக வரும் கரன்ட் நேராக ஹீட்டர் உடம்பில் ஏறும். ஹீட்டர் ஓடும்போதும் நியூட்ரல்–எர்த் அசையாமல் 0 வோல்ட் காட்டினால் பாயின்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காயில் விஷயம் எளிது. உப்பு படிந்து, சூடு வெளியேறாமல், மேல்குழல் வெடிக்கும். உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரமாகி இன்சுலேஷன் போய்விடும். இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகரில் காயில் முனைக்கும் உடம்புக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மாற்றத்தான் வேண்டும். கேஸ்கட்டையும் கூடவே மாற்றுங்கள்.

ஹீட்டர் பிளக்கை உருவிய பிறகும் குழாயில் கரன்ட் இருந்தால் மோட்டாரையும் மற்ற லைன்களையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்க வேண்டும். மெயினை இறக்கியும் போகவில்லை என்றால் அது வெளியிலிருந்து வருகிறது; குழாயைத் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

வேலை நடக்க வேண்டிய வரிசை: முதலில் எர்த், பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கடைசியில் காயில். காயிலை முதலில் மாற்றி ஷாக் நின்றுவிட்டால், மற்ற இரண்டையும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடத் தோன்றும்.